எந்தப் படம், எந்தக் கொட்டகை, எந்த மாதம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டு தமிழில் நாவல் எழுதும் ஒருவர், கதையில் எங்காவது ஓரிடத்தில் தம் பாத்திரங்களைச் சினிமாவுக்கு அனுப்பியே தீர வேண்டியிருக்கும். 1939க்கும் 1945க்கும் இடைப்பட்ட தமிழ் வாழ்வில் பேசும்படம் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது. 1943 கோடையில் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன படம்? பெரும்பாலான எழுத்தாளர்கள் அந்த ஆண்டு வெளியான படங்களின் பட்டியலைப் புரட்டி, அதில் பெயர்பெற்ற ஒன்றை, 'சிவகவி'யையோ 'மங்கம்மா சபத'த்தையோ எடுத்துக் காட்சியில் பொருத்திவிடுவார்கள். ஆண்டு சரி, படமும் சரி. ஆனாலும் அந்தக் காட்சி பொய்யாக இருக்க வாய்ப்பு உண்டு. பாத்திரம் பார்க்கும் படத்தை, அது வெளியான தேதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது அந்தப் பாத்திரம் உட்கார்ந்திருக்கும் கொட்டகைக்கு எப்படி, எப்போது வந்து சேர்ந்தது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அப்படித் தேடிப் போகிறவருக்குப் போரே அந்தப் படத்துக்குள் கண்ணில் படும். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

தேதிகளை அலட்சியப்படுத்தலாம் என்பதல்ல இதன் பொருள். தேதியில் தவறுவது எளிது. போர்க்காலத்தைப் பற்றிய நம் நினைவு, போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளோடு குழம்பிக் கிடக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வைப் போர்க்காலப் படமாகவே பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அது வெளியானது 1945 நவம்பர்த் தீபாவளிக்கு; ஜப்பான் சரணடைந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றாலும் போர் முடிந்துவிட்டது. போர்க்காலத்தில் எம்.எஸ்ஸைத் திரையில் பார்க்க வேண்டுமென்றால் 1940இன் 'சகுந்தலை'யும், அவர் நாரதராக வேடமேற்ற 1941இன் 'சாவித்திரி'யும் உண்டு. எம்.ஜி.ஆரை உயிராக நேசிக்கும் இளைஞன் ஒருவன் 1943இல் இருந்திருக்க முடியாது. அவர் 1936 முதலே சிறு வேடங்களில் வந்துகொண்டிருந்தாலும் கதாநாயகனானது 1947இன் 'ராஜகுமாரி'யில்தான். அன்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியது எம்.கே. தியாகராஜ பாகவதரையும் பி.யு. சின்னப்பாவையும் பற்றி. மதுரைக் கதை எழுதுகிறவர் தம் பாத்திரத்தைத் தங்கம் தியேட்டர் வாசலில் நிறுத்தினால் பத்தாண்டு தவறிப்போகும். அது 1952இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்டது. முன்பே வந்து பிறகு மறைந்த படங்களும் உண்டு. கல்கியின் கதையைக் கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939இல், காங்கிரஸ் மந்திரிசபை இருந்தபோது, தாராளமாக ஓடியது. மந்திரிசபை அந்த ஆண்டு அக்டோபரில் பதவி விலகியது. ஆட்சி கவர்னர் கைக்குப் போன பிறகு படம் தடை செய்யப்பட்டது. ஆகவே 1942இல் ஒருவர் 'தியாகபூமி'யை நினைத்து ஏங்கலாமே தவிர, டிக்கெட் வாங்கிப் பார்க்க முடியாது.

இவை எல்லாம் பட்டியலைச் சரிபார்த்தால் தீர்ந்துபோகும் பிழைகள். பட்டியலால் தீராத கேள்வி, படம் ஊர் ஊராக நகர்ந்த விதம் பற்றியது. அன்று ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் சொற்பம். அவை முதலில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களின் நிரந்தரக் கொட்டகைகளில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகுதான் படப் பெட்டி சிறு நகரங்களுக்குப் போகும். அதன் பிறகு, கீறலும் ஒட்டும் விழுந்து தேய்ந்த நிலையில், தற்காலிக லைசென்ஸில் ஓடும் டூரிங் டாக்கீஸுக்கு வரும். அதற்கு வெளியீட்டு நாளிலிருந்து ஓராண்டோ இரண்டாண்டோ அதற்கு மேலோ ஆகலாம். தஞ்சைக் கிராமத்துக் குடும்பம் 1943 கோடையில் டென்ட் கொட்டகையில் பார்த்திருக்கக்கூடியது, சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 1940இன் 'உத்தம புத்திர'னாகவோ, 1941இன் 'அசோக்குமா'ராகவோ, அதற்கும் முந்தைய ஒன்றாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். புதுப் படத்தின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், பாட்டும் தெரிந்திருக்கலாம். படத்தைப் பார்க்காதவருக்கும் கிராமபோன் தட்டு பாட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் அதை வாசித்துவிடுவார். ஆக அன்றைய கிராமத்து மனிதரின் திரை அனுபவம் இரண்டு காலங்களில் ஒரே சமயத்தில் நடந்தது: காதில் இந்த ஆண்டுப் பாட்டு, கண்ணில் மூன்றாண்டுக்கு முந்தைய படம். இந்த இடைவெளியைக் காட்டும் எழுத்தாளர், கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே இருந்த தூரத்தை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வாசகருக்கு உணர்த்திவிடுவார்.

போர் வந்ததும் இந்த ஓட்டம் மேலும் தடுமாறியது. காரணம் கச்சா பிலிம். இந்தியாவில் அன்று ஓர் அடி பிலிம்கூடத் தயாராகவில்லை. ஊட்டியில் அதற்கான தொழிற்சாலை வந்து உற்பத்தி தொடங்கியது 1960களில்தான். எல்லாமே கப்பலில் வர வேண்டியிருந்தது. போர் மூண்டதுமே ஜெர்மனியின் அக்ஃபா நின்றுபோனது. மிஞ்சிய வரத்தும் ராணுவத் தேவைக்குப் பிறகே சினிமாவுக்கு என்றானது. கப்பல்களில் இடமும் இல்லை. 1942இல் அரசு, கதைப்படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது, முன்னோட்டம் 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. 1943 ஜூலையில் பிலிம் விநியோகமே முழுக்க லைசென்ஸுக்குள் வந்தது. 11,000 அடி என்பதை நேரமாக்கிப் பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். பேசும்படம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 11,000 அடி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்கு முன்பு தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். நாடக மேடையிலிருந்து வந்த அந்தப் படங்களில் பாட்டுக்குக் கணக்கில்லை. நாற்பது, ஐம்பது என்று போனவையும் உண்டு. வரம்பு வந்த பிறகு பாட்டு குறைந்தது, துணைக்கதை சுருங்கியது, கதை ஓட்டம் வேகம் பிடித்தது. தமிழ்ப் படத்தின் உருவமே மாறத் தொடங்கியதில் இந்த உத்தரவுக்கும் பங்கு உண்டு. ஆண்டுக்கு முப்பதை ஒட்டி வெளிவந்த தமிழ்ப் படங்களின் எண்ணிக்கை போரின் பிற்பகுதியில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே 1944இல் ஒரு பாத்திரம் 'வாரா வாரம் புதுப்படம்' பார்த்தால் அது நடவாத காரியம். பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. ஓடிய படம் நின்று ஓடியது. போர்க்கால வெற்றிப் படங்களின் நீண்ட ஓட்டத்துக்குப் படத்தின் தரம் ஒரு காரணம் என்றால், அடுத்த படம் வரத் தாமதமானதும் ஒரு காரணம்.

கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் கதைப்படத்தை மட்டும் பார்க்கவில்லை. 1943 செப்டம்பரில், ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படம் 2,000 அடி வரை காட்டியாக வேண்டும் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் உத்தரவு வந்தது. ஏறத்தாழ 22 நிமிடம். இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா என்ற அரசு அமைப்பு எடுத்த குறும்படங்களும், இந்தியன் நியூஸ் பரேட் என்ற செய்திப் படமும் அந்த இடத்தை நிரப்பின. செய்திப் படத்துக்குத் தமிழ்ப் பதிப்பும் இருந்தது. அதற்கு வாடகை கட்டியது கொட்டகைக்காரர்தான். 1944இல் தம் மகன் பர்மா முனையில் இருக்கும் ஒரு தாய், பக்திப் படம் பார்க்கத் தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தால், முருகனோ கண்ணனோ திரைக்கு வருவதற்கு முன்பு பட்டாளத்து லாரிகளும் விமானங்களும் வந்திருக்கும். அந்தச் சிப்பாய்களில் யாராவது தன் மகனோ என்று அவள் கண் தேடியிருக்கும். இந்த 22 நிமிடத்தை விட்டுவிட்டு நேரே கதைப்படத்துக்குப் போகும் நாவல், போர் கொட்டகைக்குள் வந்த வாசலையே அடைத்துவிடுகிறது. அதே சமயம் இந்தக் காட்சியை 1941இல் வைத்தாலும் தவறு. அன்று போர்ச் செய்திப் படங்கள் இருந்தன, கட்டாயம் இல்லை. இருபது நிமிடக் கட்டாயம் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் தொடங்கிய ஒன்று.

போரையே கதையாகக் கொண்ட தமிழ்ப் படங்களும் வந்தன. பிலிம் லைசென்ஸ் அரசின் கையில் இருந்ததால், போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் மீது அழுத்தம் இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்த 'பர்மா ராணி', கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்' இரண்டும் அப்படி வந்தவை, இரண்டும் 1945. இங்கேதான் நாவலாசிரியர்கள் பலர் சறுக்கக்கூடும். போர்க்காலக் கதைக்குப் போர்ப் படம்தானே பொருத்தம் என்று எண்ணி, 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த அகதிக் குடும்பத்தை 'பர்மா ராணி'க்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் குடும்பம் ஊர் திரும்பி மூன்றாண்டு கழித்தே அந்தப் படம் வந்தது. 1942இலும் 1943இலும் அவர்களுக்குத் திரையில் கிடைத்தது வேறு: ஜூபிடரின் 'கண்ணகி', ஜெமினியின் 'நந்தனார்', ஏ.வி. மெய்யப்பனின் 'என் மனைவி'. புராணம், இலக்கியம், குடும்பம். வீடு வாசலை ரங்கூனில் விட்டு வந்தவர்கள், கண்ணகியாக நின்று அரசனிடம் நியாயம் கேட்கும் கண்ணாம்பாவைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது நாவலாசிரியர் கற்பனை செய்ய வேண்டிய இடம். அந்தக் கற்பனைக்கு இடம் தருவது 'கண்ணகி'. 'பர்மா ராணி' போரை நேரடியாகத் தானே சொல்லிவிடுவதால் எழுத்தாளருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாடு பற்றி எரிந்த காலத்தில் மக்கள் பக்திப் படத்தில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று எழுதினால், அவர்களை உலகம் அறியாதவர்களாகக் காட்டுவதாகாதா? ஆகாது. புராணக் கதையைப் பார்ப்பவர் நிகழ்காலத்தை மறந்துவிடுகிறார் என்பது நம் காலத்து அனுமானம். தமிழ்ப் பார்வையாளர்கள் நாடக மேடைக் காலத்திலிருந்தே புராணத்துக்குள் அரசியலைக் கேட்டுப் பழகியவர்கள்; கம்பெனி நாடகங்களில் முருகன் கதைக்கு நடுவே தேசபக்திப் பாட்டு வந்ததும், கூட்டம் அதை ஆரவாரித்து ஏற்றதும், போலீஸ் அதற்காக வழக்குப் போட்டதும் நடந்தவை. தணிக்கை இறுகிய போர்க்காலத்தில் நேரடியாகப் பேச வழியில்லாதபோது இந்தப் பழக்கம் இன்னும் கூர்மையாகியிருக்க வேண்டும். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சி வெடித்து, தலைவர்கள் சிறையில் இருந்த மாதங்களில் 'கண்ணகி' ஓடியது. தீண்டாமையைப் பற்றிய வாதம் ஊரெங்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில், தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' வந்தது. படம் போரைப் பற்றிப் பேசவில்லை என்பதால் பார்த்தவர் போரை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எல்லாமே புராணம் என்பதும் மிகை. 1941இல் வந்த 'சபாபதி' ஒரு அசட்டுப் பணக்கார இளைஞனையும் அவனை மிஞ்சிய அசட்டு வேலைக்காரனையும் வைத்து எடுத்த சுத்தமான நகைச்சுவைப் படம். சிங்கப்பூர் விழும் முன்பு பட்டணத்தில் இருந்த மனநிலையைக் காட்ட அதைவிடப் பொருத்தமான படம் அரிது.

பொதுவாகச் சொன்னதை ஒரே படத்தில் வைத்துப் பார்க்கலாம். போர்க்காலத் தமிழ்ப் படம் என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது 'ஹரிதாஸ்'. 1944 அக்டோபரில் தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். இவ்வளவு நீண்ட ஓட்டம் இருப்பதால் 1944 கடைசியிலிருந்து 1946 வரை எந்த மாதத்திலும் இதைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். தோன்றுவது சரிதான், ஆனால் அந்த மாதங்கள் ஒன்றல்ல. அக்டோபரில் அதைப் பார்த்தவர்கள் தமிழகத்தின் மிகப் பெரிய நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். நவம்பர் தொடக்கத்தில், சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பயமுறுத்திவந்த 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பர் இறுதிக்குள் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947 ஏப்ரலில் அவர்கள் விடுதலையானார்கள். இருவருமே 'ஹரிதா'ஸில் நடித்தவர்கள். ஆகவே 1945 தைப் பொங்கலுக்குப் பிராட்வேயில் உட்கார்ந்திருந்தவர், சிறையில் அடைபட்டிருக்கும் இருவரைத் திரையில் பாடவும் சிரிக்கவும் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் கதையே, ஆடம்பரத்தில் பெற்றோரை மதிக்காமல் திரிந்தவன் கால்களை இழந்து, மனம் திருந்தி மன்னிப்புப் பெறும் கதை. அக்டோபரில் அது நீதிபோதனை. ஜனவரியில் கூட்டத்தில் பலருக்கு அது பாகவதரின் சொந்தக் கதையாகக் கேட்டிருக்கும். நாவலாசிரியர் தம் பாத்திரத்தை எந்த மாதத்தில் அனுப்புகிறார் என்பதைப் பொறுத்து, அதே படம் வேறு படமாகிவிடுகிறது. 'அவர்கள் ஹரிதாஸ் பார்க்கப் போனார்கள்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது, கைக்கு எட்டிய புதையலை மிதித்துவிட்டுப் போவதாகும்.

இடமும் இதேபோல் படத்தை மாற்றும். 1942 ஏப்ரலில் சென்னையைக் களமாக்குகிறவர் சினிமாக் காட்சி வைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். அந்த மாதம் 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையை விட்டுப் போகும்படி அரசே அறிவித்தது, அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, ரயிலடிகள் நிரம்பி வழிந்தன, வீடுகள் பூட்டப்பட்டன. அந்த வாரங்களில் பட்டணத்துக் கொட்டகையில் நிரம்பி வழியும் கூட்டத்தை எழுதினால் வாசகர் ஏற்க மாட்டார். ஆனால் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிக் கும்பகோணத்திலோ கோவையிலோ தங்கியவர்கள் அங்கே நாலு மாதம் என்ன செய்தார்கள்? வேலையில்லாத பகல்களில் உள்ளூர்க் கொட்டகைக்குப் போயிருப்பார்கள். சென்னையில் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்ட படத்தை அங்கே உள்ளூர்க்காரர்களோடு இரண்டாம் முறை பார்த்திருப்பார்கள். பட்டணத்துப் பெண்ணும் ஊர்ப் பெண்ணும் ஒரே பெண்கள் பகுதியில் உட்கார்ந்து, ஒருத்திக்குப் பழையதும் மற்றவளுக்குப் புதியதுமான ஒரு படத்தைப் பார்க்கும் அந்த நேரம், இடப்பெயர்வைப் பற்றிப் பத்துப் பக்கம் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும். பெட்டி நகரும் வழியை அறிந்தவருக்கே இப்படி ஒரு காட்சி தோன்றும்.

கடல் கடந்தால் கணக்கு இன்னும் மாறும். மலாயாத் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் போருக்கு முன் தமிழ்ப் படங்கள் தடையின்றி வந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததோடு சென்னையிலிருந்து பெட்டி வருவது நின்றது. அங்கே ஜப்பானியர் ஆங்கில, அமெரிக்கப் படங்களுக்குத் தடை போட்டார்கள். இந்தியப் படங்கள் ஓடின. ஆனால் ஓடியவை முன்பே அங்கு வந்து தங்கிவிட்ட பிரதிகள்தாம். ஆக, நேதாஜி போஸின் படையில் சேர்ந்த ஒரு தோட்டத்துப் பையனோ, ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணோ 1944இல் 'ஹரிதா'ஸைப் பார்த்திருக்க முடியாது. பாகவதர் கைதான சேதியும் அவர்களுக்குத் தாமதமாகவே எட்டியிருக்கும். அவர்களுடைய தமிழ்ச் சினிமா 1941இலேயே நின்றுபோன சினிமா. சிங்கப்பூரில் கத்தே சினிமா மண்டபத்தில்தான் 1943 ஜூலையில் போஸ் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபரில் ஆசாத் ஹிந்து அரசை அறிவித்ததும் அங்கேதான். படம் பார்க்கக் கட்டிய மண்டபம் ஒரு தலைமுறையின் அரசியல் மேடையானது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மலேயா, இந்தோனேசியப் போர்க்காலத் தமிழரை எழுதியபோது, அவர்கள் மனத்தில் மதுரை எந்தக் காலத்து மதுரையாக உறைந்திருந்தது என்பதில் காட்டிய கவனம், படங்களைத் தேர்வு செய்கிறவருக்கும் பாடம். இலங்கையில் வேறொரு கவனம் தேவை. முதல் சிங்களப் பேசும்படம் 1947இல்தான் வெளியானது. அதுவும் மதுரையில் எடுக்கப்பட்டது. ஆகவே போர்க்காலக் கொழும்பில் ஒரு சிங்களக் குடும்பம் தன் மொழியில் படம் பார்த்ததாக எழுத முடியாது. தமிழ், இந்தி, ஆங்கிலப் படங்களையே அவர்கள் பார்த்தார்கள். ஒரே கொட்டகையில் தமிழரும் சிங்களரும் தமிழ்ப் படம் பார்த்த காலம் அது என்பதை, பிற்கால வரலாறு அறிந்த வாசகர் கனத்த மனத்தோடு வாசிப்பார்.

இனி அடிப்படையான மறுப்பு. நாவல் கற்பனை, வரலாற்றுப் பாடநூல் அல்ல. படத்தின் பெயர் ஓராண்டு முன்பின் ஆனால் என்ன குடி முழுகிவிடும்? பாத்திரங்களின் உணர்ச்சி உண்மையாக இருந்தால் போதாதா? இந்த வாதத்துக்குப் பலம் உண்டு. நல்ல நாவல்கள் சில தேதிப் பிழைகளோடும் நிலைத்திருக்கின்றன. தேதி சரியாக இருப்பதாலேயே எந்த நாவலும் நல்ல நாவலாகிவிடவில்லை. ஆனால் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, வரலாற்று நாவலாசிரியர் தாமாகவே ஒரு குறிப்பிட்ட காலத்தின் பெயரைச் சொல்லி வாசகரை உள்ளே அழைக்கிறார். '1943' என்று எழுதிய கணமே, அந்த ஆண்டின் விலைவாசி, ரேஷன், இருட்டடிப்பு எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பாளி. அரிசி விலையில் காட்டும் பொறுப்பைச் சினிமாவில் கைவிட நியாயமில்லை. இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. உணர்ச்சி உண்மையாக இருந்தால் போதும் என்கிறவர், உணர்ச்சியும் சூழலும் தனித்தனி என்று எண்ணுகிறார். ஜனவரி 1945இல் 'ஹரிதாஸ்' பார்த்தவரின் உணர்ச்சி, அக்டோபரில் பார்த்தவருக்கு வாய்த்திருக்காது. கும்பகோணத்தில் இரண்டாம் முறை பார்த்த பட்டணத்துப் பெண்ணின் மனநிலை, பெட்டி நகர்ந்த வழியால் உண்டானது. தேதியைத் தளர்த்தினால் தளர்வது உணர்ச்சியும்தான்.

கதையின் கருவுக்கு ஒத்த படத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு என்றும் கேட்கலாம். கணவனைப் பிரிந்தவளைச் 'சகுந்தலை'க்கும், வஞ்சிக்கப்பட்டவளை 'மங்கம்மா சபத'த்துக்கும் அனுப்பும் ஆசை இயல்பானது. ஆனால் மனிதர்கள் தம் வாழ்க்கைக்குப் பொருந்தும் படத்தைத் தேடிப் போவதில்லை. ஊருக்கு வந்த படத்துக்குப் போகிறார்கள். அன்று பெண்கள் படத்தைத் தேர்வு செய்ததே அரிது. வீட்டுப் பெரியவர்கள் பக்திப் படம் என்று அனுமதித்ததைத்தான் பார்த்தார்கள். பொருந்தாத படத்தைப் பார்க்கும் ஒருத்தி, தன் துக்கத்தை அதில் எங்கே போய் ஒட்டவைத்துக்கொள்கிறாள் என்று எழுதுவதில்தான் நாவலாசிரியரின் திறமை இருக்கிறது. முன்கூட்டியே பொருத்திக் கொடுத்த படம் அந்த வேலையைப் பாத்திரத்திடமிருந்து பறித்துவிடுகிறது.

ஆதாரம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. அந்தக் காலப் படங்களில் பல இன்று இல்லை; நைட்ரேட் பிலிம் எரிந்தும் சிதைந்தும் போனது, வெள்ளிக்காக உருக்கப்பட்டதும் உண்டு. கொட்டகைக் கணக்குகளும் மிஞ்சவில்லை. ஆனாலும் வழியில்லாமல் இல்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் பல ஆயிரக்கணக்கில் அச்சானவை. கதைச் சுருக்கத்தைப் பாதி சொல்லி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி நிறுத்திய அவை, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் காக்கப்படுகின்றன. 'சுதேசமித்திரன்', 'தினமணி', 'தி இந்து' நாளிதழ்களின் சினிமா விளம்பரங்கள், எந்தக் கொட்டகையில் எந்த வாரம் எந்தப் படம் ஓடியது என்பதற்கு நேர்ச் சாட்சி. படங்களின் பட்டியலைப் பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் தொகுத்தார். தியடோர் பாஸ்கரன் அந்தச் சினிமாவின் அரசியலை ஆராய்ந்து எழுதினார். கேட்கப்பட வேண்டிய கேள்வி 'அந்த ஆண்டு என்ன படம் வந்தது' என்பதிலிருந்து 'அந்த வாரம் அந்த ஊரில் என்ன ஓடியது' என்று மாறினால், இந்தச் சான்றுகள் பேசத் தொடங்கும். விளம்பரம் எட்டாத டென்ட் கொட்டகைக்கு, பெயர் சொல்லாமலே எழுதுவது நேர்மையான வழி. நிலவொளியில் மணல் குவித்து உட்கார்ந்ததையும், ஒரே புரொஜெக்டரில் ரீல் மாற்றும்போதெல்லாம் விழுந்த இடைவேளையையும், பழைய பிரதியில் வெட்டுப்பட்ட பாட்டையும் எழுதினால் படத்தின் பெயர் இல்லாமலே காட்சி நிற்கும். தெரியாத பெயரை ஊகித்துப் போடுவதைவிட இது மேல்.

போர்க்காலத் தமிழரில் பெரும்பாலோர் போரை நேரில் பார்க்கவில்லை. அவர்களுக்குப் போர் என்பது ரேஷன் கடை வரிசை, வராத கடிதம், இருட்டடித்த தெரு, கொட்டகையில் குறைந்துபோன பாட்டு. பீரங்கியும் குண்டும் பற்றி எழுத நூறு நூல்கள் உதவும். அவர்கள் வாழ்ந்த இந்தப் போரை எழுத உதவுபவை மிகக் குறைவு. அவற்றில் சினிமாவும் ஒன்று. அன்று அது பணக்காரரையும் கூலிக்காரரையும் ஒரே கூரையின் கீழ், வேறு வேறு டிக்கெட்டிலாவது, ஒரே திரையைப் பார்க்க வைத்தது. அந்தத் திரையில் என்ன ஓடியது, எத்தனை அடி ஓடியது, எத்தனை தாமதமாக வந்தது என்று விசாரிக்கும் எழுத்தாளர், சாதாரண மனிதரின் போரை விசாரிக்கிறார். வரலாற்று நாவல் எழுதப்படுவதற்கு அதைவிடத் தகுந்த காரணம் வேறில்லை. படத்தின் பெயரை எழுதுவதற்கு முன் பெட்டி வந்த வழியைக் கேட்கும் பழக்கம், அந்த மனிதருக்கு எழுத்தாளர் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.